முன்வரிசைக் கழுத்துகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டில் படம் போடுவார்கள் என்று தெருவில் பேச்சு. வெறும் பேச்சுதான். ஆறு மணிக்குப் போடுவது டிரெய்லர். ஒன்று முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் மற்றொன்று. படம் என்ற ஒன்று வருவதற்குள் பாப்கார்ன் தீர்ந்து, தண்ணீர் தீர்ந்து, வந்தவர்களின் பொறுமையும் தீர்ந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார்கள். ஓசியில் வந்து உட்கார்ந்துவிட்டு எந்த வாயால் குறை சொல்வது?

வீட்டுக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் விற்பனை மேலாளர். கட்டாத வீட்டை விற்பது அவர் தொழில். வெறும் பொட்டலில் நின்றுகொண்டு, "இதுதான் சார் உங்க பால்கனி, காலையில இங்க உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பீங்க" என்று கையை நீட்டினால், வாங்க வந்தவர் உட்கார நாற்காலி தேடுவார். அப்படிப்பட்ட வாய். அந்த வாய்ப்பேச்சில் முதன்முதலாக விழுந்தவள் அவர் மனைவி. அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது; அந்த வயதில் யார் விழாமல் இருந்தார்கள் என்று இப்போது தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். மூட்டுவலி, முதுகுவலி, விழுந்து எழுந்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து காலை மடக்கப் பயப்படுகிறவர்கள், எல்லாரும் அவளை பிசியோ மேடம் என்று கூப்பிடுவார்கள். பல வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். இந்த வீட்டைக் கட்டும்போது முன்னறை அவளுக்கு என்று முடிவாயிற்று. அதனால்தான் அந்த அறைக்குத் தெருப்பக்கமாகத் தனி வாசல். அதனால்தான் அந்த வாசலுக்குப் படி வைக்காமல் சாய்தளம். வாக்கர் பிடித்து வருகிறவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் சிரமப்படாமல் ஏறவேண்டும் என்று கொத்தனார் பக்கத்திலேயே நின்று சரிவைப் பார்த்துப் பார்த்துப் போடவைத்தவள் அவள்.

அறை பூசி முடிவதற்குள் கணவர் போர்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். தகரப் போர்டு. மேலே 'இயன்முறை சிகிச்சை நிலையம்', அதன்கீழ் அவள் படிப்பு, எல்லாவற்றுக்கும் கீழே மற்ற எழுத்தையெல்லாம் விடப் பெரிதாகச் சிவப்பில் 'விரைவில்'. போர்டுக்கு ஒரு துணியைப் போர்த்தி, தெருக்காரர்களைக் கூட்டி, துணியை விலக்கிக் கைதட்டவும் வைத்தார். அவள் கண்ணில் அன்று தண்ணீர் வந்தது உண்மை. மறுமாதமே ஆஸ்பத்திரி வேலையை விட்டதும் உண்மை.

பிறகு ஒரு நாள், தாற்காலிகமாக என்று சொல்லி, புரொஜெக்டர் வந்து அந்த அறையில் இறங்கியது. தாற்காலிகமாகச் சுவர்கள் கறுப்பாயின. தாற்காலிகமாக ஆறு சாய்வு நாற்காலிகள் வந்தன. ஆளுயரப் பெட்டிகளில் வந்த அந்தப் பாரமான சாமான்களைத் தள்ளிக்கொண்டு ஏற்ற, நோயாளிகளுக்காகப் போட்ட சாய்தளம் மிகவும் வசதியாக இருந்தது. "பாத்தியா, நீ யோசிச்சுப் போட்டது எவ்வளவு உபயோகமா இருக்கு" என்றார். அவள் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

தெருப்பக்கத்துக் கதவின்மேல் சத்தம் தடுக்கும் பஞ்சுப் பலகையை வைத்து, அதன்மேல் தரைவரைக்கும் கறுப்புத் திரையைத் தொங்கவிட்டார்கள். கதவு இருந்த இடமே தெரியாமல் போயிற்று. வாசலில் இரண்டு வருஷம் வெயில் தின்ற போர்டும் ஒரு நாள் காணாமல் போனது. தேடிப் பார்த்தபோது புரொஜெக்டருக்கு அடியில் கிடந்தது. அலமாரிப் பலகை மேடுபள்ளமாக இருந்ததால் அதைக் குப்புறப் போட்டு மேலே புரொஜெக்டரை வைத்திருந்தார். "எடுத்துடுவேன், ஒரு நல்ல ஸ்டாண்டு சொல்லியிருக்கேன்" என்றார். ஆயிற்று, ஆறு வருஷம்.

அவர் வாழ்க்கையே அப்படித்தான். மொட்டைமாடித் தோட்டத்துக்கு வரைபடம் உண்டு, செடி இல்லை. குடும்பத்தோடு மலைக்குப் போகப் பெட்டி வாங்கினார், பெட்டிக்குள் இப்போது பழைய போர்வைகள் இருக்கின்றன. நீச்சல் கற்கக் கண்ணாடி வாங்கினார், அதை மாட்டிக்கொண்டு ஒரு நாள் வெங்காயம் நறுக்கினார். அவள் தங்கைதான் அவருக்குப் பெயர் வைத்தாள். "உங்க டிரெய்லர் அத்தான் இந்த மாசம் என்ன ரிலீஸ் பண்றார்க்கா?" என்று போனில் கேட்பாள். அக்காள் சிரிப்பாள். சிரித்து முடித்தபிறகு வயிற்றெரிச்சல் தொடங்கும்.

சனிக்கிழமைக் கூத்துக்கு ஒரு முறை உண்டு. விளக்குகள் மெதுமெதுவாக மங்கவேண்டும்; பட்டென்று அணைத்தால் அவருக்குப் பிடிக்காது. மோட்டார் வைத்த சிவப்புச் சீலை விலகும். பாதியில் ஒரு தடவை சிக்கும். அவர் எழுந்துபோய் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து நிற்பார். 'செல்போனை அணைக்கவும்', 'புகை பிடிக்காதீர்' என்று எழுத்துகள் வரும். அவர் வீட்டு அறையில், அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அறுபது வயதைத் தாண்டிய எதிர்வீட்டுத் தபால் மாஸ்டரா புகை பிடிக்கப்போகிறார்? ஆனால் முறை என்றால் முறை.

பிறகு டிரெய்லர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் ஒரு பேச்சு பேசுவார்.

"அடுத்தது ஒரு திகில். பயந்த சுபாவம் உள்ளவங்க கண்ணை மூடிக்கலாம்."

தபால் மாஸ்டர் வீட்டம்மா அதற்கு முன்பே கண்ணை மூடித் தூங்கிப்போயிருப்பார்.

அந்த டிரெய்லர்களில் பாதி, என்றைக்கோ வெளியாகி, ஓடாமல், போன சுவடு தெரியாமல் போன படங்களுடையவை. பெட்டியோடு சுருண்டுபோன படத்துக்குத் திரை முழுக்க 'விரைவில்' என்று வரும். அதைப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நாளைக்கே முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்போல முன்னால் நகர்ந்து உட்காருவார்.

"படம் சுமார்தான்" என்று தானே சொல்வார். "ஆனா இதைப் பாருங்க. இதுல இருக்கிற உயிர் படத்துல வரவே இல்ல."

ஒரு வழியாகப் படம் தொடங்கும். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் குறட்டையும் தொடங்கும். நாற்காலியின் பொத்தானை அழுத்தி மல்லாந்து படுத்துவிடுவார். வந்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். சத்தத்தைக் குறைத்தால் விழித்துக்கொள்வார். எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும். தூங்குகிற மனிதருக்கு மரியாதை கொடுத்து முழுப் படத்தையும் பார்த்துத் தொலைக்கிற ஒரே கொட்டகை உலகத்திலேயே அதுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இதெல்லாம் அவளுக்கு எரிச்சல். வேதனை வேறு. வேதனை திங்கட்கிழமை காலையில் வரும். பெரிய பையில் மின்சிகிச்சைப் பெட்டி, ஒத்தடப் பொட்டலங்கள், ரப்பர் பட்டைகள், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கருவி, எல்லாவற்றையும் திணித்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். ஒரு வீட்டில் கட்டில் பள்ளமாக இருக்கும். இன்னொரு வீட்டில் டிவியை அணைக்கமாட்டார்கள். மூன்றாவது வீட்டில் நோயாளியைவிட நோயாளியின் மருமகளுக்கு அதிகம் வைத்தியம் தெரியும். மாடி வீடுகளில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஏறி, ஊராரின் முழங்காலைச் சரிசெய்கிறவளின் முழங்காலே பேசத் தொடங்கியிருந்தது. ஐம்பதைத் தொடப்போகிறாள். இப்போது அந்த அறை கிடைக்கவில்லை என்றால் இனி எப்போதும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

படம் விழும் திரையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதை மாட்ட வந்த தச்சர், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்றுதான் குறி போட்டார். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணுக்கு நேரா வச்சா அது டிவி. தியேட்டர்னா அண்ணாந்து பார்க்கணும்."

"ரூம் சின்னதுங்க சார். முன்னாடி உட்கார்றவங்களுக்குக் கழுத்து ஒடிஞ்சிடும்."

"நாமெல்லாம் சின்ன வயசுல முதல் வரிசையில உட்கார்ந்து பார்க்கலையா? ஒடிஞ்சா போச்சு?"

அவளும் சொன்னாள், தொழில்முறையாகவே சொன்னாள். தலையைப் பின்னால் சாய்த்து இவ்வளவு நேரம் வைத்திருக்கக்கூடாது என்றாள். 'உனக்கு எதைப் பார்த்தாலும் நோயாத்தான் தெரியும்' என்று சொல்லிவிட்டார். திரை விட்டத்தை முட்டிக்கொண்டு ஏறியது. முன்வரிசை மூன்று நாற்காலிகளும் அதன் காலடியில் போடப்பட்டன. வருகிறவர்களுக்கு முன்வரிசை, வீட்டுக்காரருக்குப் பின்வரிசை. விருந்தோம்பல் அல்லவா?

முதலில் வந்தவர் தபால் மாஸ்டர் வீட்டம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரையோ ஒட்டுக் கேட்பவர்போல வந்து நின்றார்.

"தூக்கத்துல பிடிச்சுக்கிச்சும்மா."

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கத் தசை கல்லாக இருந்தது. வலது ஓர நாற்காலி. அங்கே உட்கார்ந்தவர் திரையைப் பார்க்க அண்ணாந்து இடப்பக்கம் திரும்பவேண்டும். மறுவாரம் மாஸ்டர் வந்தார், அவருக்கு வலது பக்கம். "குளிக்கும்போது சுளுக்கிடுச்சு" என்றார். இடது ஓர நாற்காலி. அடுத்து கணவரின் அலுவலக நண்பர் வந்தார், நேரே நிமிர்ந்த தலையைக் குனியமுடியாமல், மிகுந்த தன்மானத்தோடு. நடு நாற்காலி. கழுத்தைத் தொட்டாலே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அவளால் சொல்லமுடிந்தது. ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. தலையணை, குளிர்காற்று, பஸ் பயணம், பேரப்பிள்ளையைத் தூக்கியது என்று ஊரில் இருக்கிற எல்லாவற்றின்மேலும் பழி போட்டார்கள். சொல்லி வைத்ததுபோல மறு சனிக்கிழமையும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இவர்களுக்குக் கழுத்து இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் ஒத்தடம் கொடுத்தாள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, அடுப்பில் கொதிப்பதற்கு ஒரு கண், கழுத்துக்கு ஒரு கண்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை, டிரெய்லர்களுக்கு நடுவே, திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அவரே தயாரித்தது. முழக்கத்தோடு எழுத்துகள் பறந்துவந்து ஒட்டிக்கொண்டன: 'பின்வரிசைக்குக் கான்கிரீட் மேடை. விரைவில்.'

எல்லாரும் கைதட்டினார்கள் என்று சொல்லமுடியாது. தபால் மாஸ்டர் இருமினார்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்காலியைத் தூக்கிப்போடலாம். சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். கான்கிரீட்டை என்ன செய்வது? சாய்தளத்தில் ஏறி வருகிறவர்கள் கதவைத் திறந்தவுடன் முட்டிக்கொள்வது அந்த மேடையில்தான். மேடை எழும்பினால் அறை போயிற்று. மற்ற எதையும் முடிக்காத மனிதர் இதை முடித்துத் தொலைப்பார் என்று அவளுக்கு உள்ளே ஏதோ சொன்னது. தனக்கு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் அவர் எப்படியோ முடித்துவிடுவார்.

அன்று ராத்திரி சண்டை போடவில்லை. ஆறு வருஷமாகப் போட்ட சண்டைக்கெல்லாம் அவர் கொடுத்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் பொறு, உனக்கு இதைவிடப் பெரிய இடமா பார்த்துட்டிருக்கேன்." கட்டாத இடம்தான், வேறென்ன?

திங்கட்கிழமை அவர் அலுவலகம் போன சத்தம் அடங்கியதும், முன்னறைக்குப் போய்க் கறுப்புத் திரையை ஒதுக்கிக் கொக்கியில் மாட்டினாள். பஞ்சுப் பலகையை இழுத்தாள், கையோடு வந்தது. கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, அம்மிக்குழவிக்குப் பதில் அவருடைய உடற்பயிற்சிக் குண்டால் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தக் குண்டு அதுவரை செய்த ஒரே வேலை அது. கதவு திறந்தது. அறைக்குள் பகல் வந்தது. கறுப்புச் சுவர்கள் வெளிச்சத்தில் அசடு வழிந்துகொண்டு நின்றன.

தன் நோயாளிகளுக்குப் போன் போட்டாள். "இனிமே நீங்க வாங்க. தெருப்பக்கத்து வாசல். படி கிடையாது."

வந்தார்கள். இடுப்பு எலும்பு ஒட்டவைத்த அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறி, உள்ளே ஒரு பார்வை பார்த்து, "என்னம்மா, கடைசிக் காலத்துல சினிமாக் கொட்டாய்க்குக் கூப்பிட்டுட்டே" என்றார். சாய்வு நாற்காலியின் பொத்தானை அழுத்தினால் கட்டிலாகிவிடும். ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு நல்ல கட்டிலை அவள் பார்த்ததில்லை. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னாள். ரப்பர் பட்டையை நாற்காலிக் காலில் கட்டி இழுக்கச் சொன்னாள். கழுத்துக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வார நாட்களுக்கு மாறிக்கொண்டார்கள். சனிக்கிழமை எந்த நாற்காலியில் கழுத்தைக் கெடுத்துக்கொண்டார்களோ, அதே நாற்காலியில் படுத்துச் சரிசெய்துகொண்டு போனார்கள். நாலு மணிக்கு மேல் கதவில் பஞ்சுப் பலகையை மறுபடி வைத்து, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ஊதுவத்தி கொளுத்தித் தைல வாசனையைப் போக்கிவிடுவாள்.

அந்த உயரத் திரைக்கும் ஒரு பிழைப்பு கிடைத்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தோள் இறுகிப்போய்க் கை மார்புக்கு மேலே எழும்பாது. சட்டை போட்டுவிட மகன் வரவேண்டும், தலை வார மனைவி வரவேண்டும். ஒரு காலத்தில் ஐம்பது பேரை வைத்து வண்டியைத் திருப்பிய கை. அவரைத் திரைச் சுவர் எதிரில் நிறுத்தி, விரல்களைச் சுவரில் எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்றச் சொன்னாள். எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுநாள் அதைவிட ஒரு விரல் மேலே.

"அதோ அந்தத் திரையோட அடி விளிம்பு இருக்கே, அதைத் தொட்டுட்டீங்கன்னா உங்க சட்டையை நீங்களே போட்டுக்கலாம்" என்றாள்.

"அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே மேடம்."

"இருப்பீங்க. பேசாம ஏறுங்க."

சனிக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் முன்னால் நின்று பேசத் தொடங்கியவர், சுவரைப் பார்த்து நிறுத்தினார்.

"யார் இங்க கோடு போட்டது?"

முன்வரிசையில் மூன்று கழுத்துகளும் மூன்று பக்கம் திரும்பின. தபால் மாஸ்டர் தன் பாப்கார்னில் எதையோ தேடினார்.

"பல்லி ஏதாவது இருக்கும்" என்றாள் மனைவி.

"சாக்பீஸ் வச்சுக்கிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் துடைத்தார். மறுவாரமும் கோடு இருந்தது, இன்னும் மேலே. அவர் என்ன செய்தார்? விசாரித்தாரா? காவல் வைத்தாரா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. 'புகை பிடிக்காதீர்' என்பதற்கு அடுத்ததாக 'சுவரைத் தொடாதீர்' என்று ஓர் எழுத்துப் பலகை தயாரித்துச் சேர்த்துவிட்டார். அதற்குப் பின்னணியில் மெல்லிய இசையும் உண்டு. இவரோடு குடும்பம் நடத்த இவ்வளவு நாள் தனக்கு எங்கிருந்து பொறுமை வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கடைசியில் அகப்பட்டது ஒரு புதன்கிழமை. மேடைக்கு அளவெடுக்கக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுப்பக்கத்துக் கதவைத் திறந்து முன்னறைக்குள் வந்தவர் அப்படியே நின்றார். ஆறு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. அவருடைய ஹவுஸ்ஃபுல். இத்தனை வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட ஆறும் நிரம்பியதில்லை.

சொல்வதற்கு ஆறு வருஷத்துப் பேச்சு அவள் தொண்டையில் தயாராக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம் பொங்கி வழிந்தது.

"என்ன இது, வார நாள்லயே வந்துட்டீங்க? முன்னாடியே சொல்லியிருந்தா நான் லீவு போட்டிருப்பேனே" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் விளக்குகளை மங்க வைத்தார், கறுப்புத் திரையை இழுத்தார், புரொஜெக்டரைத் தட்டினார். சீலை பாதியில் சிக்கியது, போய் இழுத்தார். முதல் டிரெய்லர் முழங்கியது.

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தில் ஒத்தடப் பொட்டலத்தோடு மல்லாந்து கிடந்தவர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். துண்டை அழுத்திக்கொண்டிருந்த அம்மா எண்ணிக்கையை விட்டுவிடக்கூடாது என்று வாய்விட்டு எண்ணினார். பஸ் டிரைவர் மட்டும் சுவரோரமாகவே நின்றிருந்தார். தொடங்கிய ஏற்றத்தைப் பாதியில் விடுகிறவர் இல்லை அவர். இருட்டில் அவர் விரல்கள் ஊர்ந்துகொண்டே இருந்தன. பழைய கோட்டைத் தாண்டின. நின்றன. மறுபடி ஊர்ந்தன. திரையின் அடி விளிம்பில் வெளிச்சத்துக்குள் முதலில் ஒரு விரல் வந்தது, பிறகு நாலும் வந்தன. டிரெய்லர் முடிந்து திரையில் 'விரைவில்' என்று விழுந்தபோது, அந்த எழுத்து அவர் புறங்கையிலும் விழுந்தது.

அறை முழுக்கக் கைதட்டியது. கழுத்துக்காரர்களும் முழங்கால்காரர்களும் படுத்தபடியே தட்டினார்கள். தபால் மாஸ்டர் விசில்கூட அடித்தார்.

வீட்டுக்காரர் திரும்பினார். அந்த அறையில் அவருக்கு யாரும் அப்படிக் கைதட்டியதில்லை. முகம் மலர்ந்து, கூச்சத்தோடு, ஒரு கையை உயர்த்தப்போனார். பிறகுதான் எல்லாக் கண்களும் எங்கே பார்க்கின்றன என்று பார்த்தார். டிரைவர் தன் கையைத் தானே நம்பாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வீட்டுக்காரரின் கை பாதி வழியில் நின்று, தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதை மறைப்பானேன்? ஆனால் அறையைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை.

விளக்கைப் போட்டாள். கறுப்புத் திரையை ஒதுக்கித் தெருக்கதவைத் திறந்தாள். வீட்டுப்பக்கத்து வாசலில் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்ற கொத்தனாரைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன் அந்தச் சாய்தளத்தைப் போட்டவர் அவரேதான்.

"அண்ணே, மேடை வேண்டாம். நீங்க போட்ட சாய்தளத்துக்கு ஒரு கைப்பிடி வைக்கணும். ரெண்டு பக்கமும். அளவு எடுத்துக்குங்க."

கொத்தனார் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கையை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தார், பொய்யில்லை என்று உறுதிசெய்துகொள்ள.

"அப்பவே வச்சிருக்கணும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் வெளியே போய்க் குனிந்தார்.

அவள் அலமாரிக்குப் போனாள். புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கி, அதை இரண்டு கையாலும் தூக்கி, கணவரின் கையில் கொடுத்தாள். குழந்தையை வாங்குவதுபோல வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அடியில் கிடந்த போர்டை நிமிர்த்தித் தூசியைத் துடைத்தாள். மேலெழுத்துகள் வெளுத்திருந்தன, படிக்கமுடிந்தது. அடியில் இருந்த சிவப்பு மட்டும் வெயில், மழை, தூசி ஒன்றும் அசைக்காமல் பளபளவென்று இருந்தது. பையிலிருந்து ஒரு பழைய கத்தியை எடுத்து அதைச் சுரண்டத் தொடங்கினாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் அவர், மெதுவாக.

"போர்டுலயே எழுதியிருந்துச்சுங்க. நீங்கதான் குப்புறப் போட்டு வச்சிருந்தீங்க."

அவர் புரொஜெக்டரை இன்னும் இறுக்கிக்கொண்டு போர்டைப் பார்த்தார். செதில் செதிலாகச் சிவப்பு தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"போர்டை ஏன் சுரண்டறே? புதுசா ஒண்ணு அடிச்சுக்கலாம். நல்ல ஒரு டிசைன் மனசுல இருக்கு."

"வேண்டாம். இதுவே போதும்."

"சரி. அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேருக்கு நேரம் கொடுத்திருக்கேன்."

"அப்ப என் தியேட்டரு?"

"மாடியில உங்களுக்கு ஒரு ரூம் ஒழிச்சுக் கொடுத்துடறேன்."

"எப்போ?"

அவள் சுரண்டுகிற கையை நிறுத்தவில்லை.

"விரைவில்" என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.